சம்பந்தியின் சர்க்கரை

இட்லி முடிந்தது. இனி இரண்டு மணி நேரம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுத்தவன் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும் என்பது சர்க்கரை ஆஸ்பத்திரிகளின் சட்டம். நடுவில் கிடக்கும் நேரத்தில் என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை, ஆகவே நான் என் சம்பந்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சென்னியப்பன். என் மகள் மேகலாவின் மாமனார். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தவர், இப்போது மண்டியை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ள, இவர் தன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்கிறார் என்பது தவறு, வேடிக்கை பார்க்கிறார். எதிர் வரிசையில் காலை அகட்டி உட்கார்ந்து, வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொள்கிறார், துடைத்த வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கேன்டீனில் இவர் இட்லியோடு நிறுத்தவில்லை. மேகலாவுக்கும் தெரிந்துவிட்டது. "மாமா, வடை சாப்பிட்டீங்களா?" "வடையா? நானா? ஏன் கண்ணு, சம்பந்தியக் கேளு, அவரு பக்கத்துலதான இருந்தாரு." "அவரைக் கேக்கல, உங்களைக் கேக்கறேன்." "ஒண்ணே ஒண்ணு. அதும் ஓட்டை வடை அம்மணி, நடுவுல பாதி காத்துதான்." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டுகிறாள். பாருங்க மாமா, போன தடவை கிட்னிக்கு என்ன சொன்னாங்க, கால் மரத்துப்போகுதுன்னு ராத்திரி எழுந்து உக்காந்தது யாரு, உங்களுக்கு ஒண்ணுன்னா யார் ஓடறது. ஓடட்டும். அவளைப் பெற்ற நான் இங்கேதான் இருக்கிறேன், எனக்காக இவள் ஓடியதே இல்லை, நான் ஓடவைத்ததில்லை. என்னை இவள் கடைசியாகத் திட்டியது எப்போது என்று யோசிக்கிறேன். பள்ளிக்கூட நாளில், ஆண்டுவிழாவுக்கு நான் வராமல் போனதற்கு. அதற்குப் பிறகு மரியாதைதான். அப்பா, மாத்திரை போட்டீங்களா என்றுகூடக் கேட்பதில்லை. போட்டிருப்பேன் என்று தெரியும். என்னைப் பற்றித் தெரியாதது எதுவும் அவளுக்கு இல்லை, அதுதான் என் துரதிர்ஷ்டம், தெரிந்த விடையை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை.

அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, அப்பா கரெக்ட்டா இருப்பார். இதைச் சொந்தக்காரர்களிடம், போனில், இந்த ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில், எல்லா இடத்திலும் சொல்லிவிட்டாள். உண்மைதான். நான் கோபியில் தனியாக இருக்கிறேன், மனைவி பாவாயி போன பிறகும் அவள் எனக்குச் சோறு அளந்து போட்ட அதே டம்ளரில் அளந்துதான் அரிசி போடுகிறேன், விருந்துக்குப் போனால் பாயசத்தை நகர்த்தி வைத்துவிட்டு அதன் வரலாற்றைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வேன். கல்லூரி நூலகத்தில் ஆயுளைக் கழித்தவன், நூலகன் என்பவன் எல்லாப் புத்தகங்களின் முன்னுரையையும் படித்தவன், ஆகவே எந்த வியாதியானாலும் எனக்கு ஆரம்பம் தெரியும், முடிவு தெரியாது. போன மாதம் டாக்டர் ஹாஜிரா, சின்னப் பெண், என் மகளைவிட இளையவள், என் காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "குழந்தைவேலு சார், மூணு மாசச் சராசரி பிரமாதம். என் பேஷன்ட்ல நீங்கதான் ஃபர்ஸ்ட்." இந்த வயதில் ஒருவனை முதல் மாணவன் என்று சொல்ல யார் இருக்கிறார்கள், நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடனே அவள் புருவம் சுருங்கியது. "ஆனா இந்த சி.ஆர்.பி. மட்டும் தூக்கலா இருக்கு. உடம்புல எங்கயோ அழற்சி இருக்குன்னு அர்த்தம். சளி, புண், பல், ஈறு ஏதாவது?" இல்லைங்க டாக்டர் என்றேன். "நடந்தா, படி ஏறினா, நெஞ்சு, தோள், தாடை, எங்கயாவது வலி, இறுக்கம்?" இல்லைங்க. "சர்க்கரைக்காரங்களுக்கு நெஞ்சுவலி நெஞ்சுலதான் வரணும்னு இல்ல சார், சில பேருக்கு வலியே இல்லாமலும் வந்துடும், அதான் கேக்கறேன். சர்க்கரை அளவு மட்டும் நல்லா இருந்தாப் பத்தாது. உள்ளுக்குள்ள ரத்தக் குழாய்ச் சுவர் கனன்னுக்கிட்டே இருந்தா, அதுல கொழுப்பு படியும், என்னிக்காவது ஒருநாள் வெடிச்சு அடைச்சுக்கும்." புரியுதுங்க என்றேன். அடுத்த மாதம் மறுபடி எடுத்துப் பார்ப்போம், இறங்கவில்லை என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அதற்கும் புரியுதுங்க. நன்றாகத்தான் புரிந்தது. புரிந்த ஒருவன் ஏன் பொய் சொன்னான் என்பது அவ்வளவு நன்றாகப் புரியவில்லை. இப்போதுதான் ஃபர்ஸ்ட் என்றாள், அந்தச் சொல்லின் சூடு ஆறுவதற்குள் எழுந்து நின்று எனக்கு வயிற்றுவலி டீச்சர் என்று சொல்ல எந்த முதல் மாணவனுக்கும் மனம் வராது. அது ஒன்று. இன்னொன்று, மேகலா அந்த அறையில் இல்லை. பக்கத்து அறையில் மாமனாரின் கிட்னிக்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இல்லாத அறையில் வலியைச் சொல்வது வீண் செலவு.

வலி இருக்கிறது. இன்று காலையிலும் இந்த மாடிப்படி ஏறும்போது, இடது தாடையின் கீழே யாரோ கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்துவதுபோல இருந்தது, மேல்படிக்கு வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த பாதப் பராமரிப்பு விளம்பரத்தை எழுத்தெழுத்தாகப் படித்தேன், படித்து முடிப்பதற்குள் போய்விட்டது. பல்தான். இடது கீழ்க் கடைவாய்ப்பல், ஆடுகிறது, ஈறு வீங்கி அவ்வப்போது சீழ் வைக்கும், காலையில் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் ஒரு கெட்ட சுவை. பிடுங்கியிருக்கலாம். சர்க்கரைக்காரன் பல்லைப் பிடுங்கக்கூடாது, ரத்தம் நிற்காது, புண் ஆறாது என்று சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் சர்க்கரைக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிவருகிறார்கள், எந்த டாக்டரும் சொன்னதில்லை, நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. படித்தவன் மூடநம்பிக்கைக்கு அடிக்குறிப்பு சேர்த்துக்கொள்வான், அவ்வளவே வித்தியாசம். ஆனால் பல்வலி என்றால் மெல்லும்போது வர வேண்டும், இட்லி மெல்லும்போது வரவில்லை, படி ஏறும்போது வருகிறது, நான் படியைப் பல்லால் ஏறுவதில்லை. இந்த எண்ணம் வரும்போதெல்லாம் வேறு எதையாவது நினைக்கிறேன். அழற்சி என்பதற்குப் பழைய ரோமானியர்கள் நான்கு அடையாளம் சொன்னார்கள், சிவப்பு, சூடு, வீக்கம், வலி, எங்கோ ஒரு முன்னுரையில் படித்தேன். என் ரத்தக் குழாயில் இருப்பதற்கு முதல் மூன்றும் இல்லை, வெளியே தெரியாமல் எரிகிறது. பொறாமைகூட அப்படித்தான் என்று ஒரு உவமை எழுந்து வருகிறது. மலிவான உவமை, உட்கார். உட்கார மறுக்கிறது. ஏனென்றால் எதிரே சென்னியப்பன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், "எனக்குச் சக்கரைதானுங்க எகிறிக்கிடக்குது, மூணு மாசத்துக்கு ஒன்பதரை. ஆனா உள்ளுக்குள்ள வீக்கம் பாக்கறாங்களே ஒரு டெஸ்ட்டு, அதுல நானு பச்சப்புள்ளையாட்டம் இருக்கறேன்னு டாக்டரம்மாவே சொல்லிப்போட்டாங்க. ஒண்ணுக்கும் கீழ." "அதெப்படிங்க?" "நாப்பது வருசம் மஞ்சத் தூசியில மூச்சு உட்டவன். எனக்கென்ன வீக்கம்?" ஆதாரம் போதாது என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. மஞ்சள் மூட்டையின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், ரத்தக் குழாய்க்கு நல்லது என்று யாரும் நிறுவவில்லை. இதைச் சொன்னால் அவர் என் எண்ணைக் கேட்பார். சம்பந்திக்கு எவ்வளவுங்க என்பார். பாயசத்தை நகர்த்தி வைத்தவனுடைய குழாய் கனல்கிறது, வடைக்கு நடுவே காற்று இருக்கிறது என்று வாதிடுபவனுடைய குழாய் குளிர்ந்திருக்கிறது. இது எந்த நீதி. நான் முதல் மதிப்பெண் வாங்கியது தவறான பாடத்தில் என்று பள்ளி முடிந்த பிறகு வந்து சொல்வது என்ன பள்ளி. சொல்லப்போனால் இவரிடம் இரண்டுமே இருக்கின்றன. நல்ல எண்ணும் இருக்கிறது, என் மகளின் கவலையும் இருக்கிறது. ஒன்றையாவது எனக்கு விட்டிருக்கலாம்.

நானே சொல்லிவிடலாம். மேகலா, எனக்குத் தாடை வலிக்குதும்மா. நான்கு சொல். போன மாதம் கோபி பஸ் ஏற்றிவிட வந்தபோது வாயெடுத்தேன், அவள் போனில் மாப்பிள்ளையிடம் மாமாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், பஸ் வந்துவிட்டது, ஜன்னல் வழியாக "போய்ட்டு போன் பண்ணுங்கப்பா" என்றாள், பண்ணினேன், "சரிங்கப்பா" என்றாள். சொன்னால் என்ன ஆகும், பயப்படுவாள், பயப்படட்டும் என்றுதானே ஆசைப்படுகிறேன், ஆனால் சொன்ன நிமிடத்திலிருந்து நான் கரெக்ட்டாக இருக்கும் அப்பா இல்லை, சென்னியப்பனைப்போல இன்னொருவன், அதுவும் இரண்டாவதாக வந்தவன். முதலிடமும் வேண்டும், கவலையும் வேண்டும், இரண்டையும் சேர்த்து யாரும் கொடுப்பதில்லை. இறுக்கம் என்றாளே டாக்டர், அது வலியிலிருந்து எப்படி வேறுபடும். பாவாயி இருந்திருந்தால் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை, நான் படியில் நின்ற விதத்திலேயே கேட்டிருப்பாள், என்ன படிக்கறீங்க சுவத்துல என்று. அவள் போன மாலையில் மேகலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இந்தச் சென்னியப்பன்தான். நான் பந்தல்காரனிடம் கணக்குச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அழத் தெரியாதவனுக்கு வேலை வேண்டும். அன்றைக்குத்தான் அந்தத் தோள் கைமாறியது என்று நினைக்கிறேன். இல்லை, அதற்கும் முன்னால், ஆண்டுவிழாவுக்குப் போகாத அன்றைக்கே. நினைப்பு இந்த இடத்துக்கு வந்தால் மாட்டிக்கொள்கிறது, துணி ஆணியில் மாட்டுவதுபோல, இழுத்தால் கிழியும், ஆகவே நின்ற இடத்திலேயே நிற்கிறேன். "சென்னியப்பன் ஐயா, கால் டெஸ்டுக்கு வாங்க." நர்ஸ் பெனிட்டா. தனியறை காலியில்லையாம், கூடத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு அவர் காலைத் தூக்கி வைக்கச் சொல்கிறாள். இசைக்கவை ஒன்றைத் தன் உள்ளங்கையில் தட்டி, அதிர அதிர அவர் பெருவிரல் எலும்பில் வைக்கிறாள். கண்ணை மூடிக்கங்க ஐயா, அதிர்ந்தாச் சொல்லுங்க. அவர் கண்ணை மூடுகிறார். கூடமே அவர் காலைப் பார்க்கிறது. கவை அதிர்ந்துகொண்டிருப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "வெச்சுட்டீங்களா?" என்கிறார். வைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று. பெனிட்டா மறுபடி தட்டுகிறாள், மறுபடி வைக்கிறாள். "வெக்கறப்பச் சொல்லு கண்ணு." நர்ஸ் மேகலாவை நிமிர்ந்து பார்க்கிறாள். மேகலா கைப்பையைத் தரையில் போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்து அந்தக் காலை, நகம் தடித்து, குதிகால் வெடித்து, வெடிப்பில் இன்னும் மஞ்சள் இருக்கும்போலிருக்கிற அந்தக் காலைத் தன் இரண்டு கையாலும் பிடித்துத் தேய்க்கிறாள். "இது தெரியுதா மாமா? இங்க? என் கை தெரியுதா?" அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, தெரியாத ஒன்றைத் தெரியுது கண்ணு, தெரியுது என்கிறார்.

வாழ்க்கையில் பணத்துக்கும் பதவிக்கும் பொறாமைப்பட்டிருக்கிறேன், ஒரு காலுக்குப் பொறாமைப்படுவேன் என்று நினைத்ததில்லை. "எனக்குத் தாடை வலிக்குது" என்று யாரோ சொல்கிறார்கள், உரக்க, பாடம் ஒப்பிப்பதுபோல, பக்கத்து நாற்காலிக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், ஆகவே சொன்னது நான்தான். மேகலா திரும்பவில்லை. "பல்லாப்பா?" என்கிறாள் காலைத் தேய்த்தபடியே. திரும்பியது பெனிட்டா. கவையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வருகிறாள். "எப்ப வலிக்குது சார்?" "படி ஏறினா." "உக்காந்தா?" "போயிடும்." "எவ்வளவு நாளா?" "கொஞ்ச நாளா." "வேர்க்குதா?" எனக்கு வேர்க்கிறதா என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. "எந்திரிக்காதீங்க, அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் போகும் வேகம், அதை ஓட்டம் என்று சொல்லக்கூடாது, ஆஸ்பத்திரியில் ஓடக்கூடாது என்று பயிற்றுவிக்கப்பட்ட ஒருத்தியின் நடை, அந்த நடைதான் மேகலாவைத் திருப்பியது. அவள் கையிலிருந்து அந்தக் கால் நழுவி ஸ்டூலில் இடிக்கிறது, சென்னியப்பனுக்கு அதுவும் தெரியவில்லை. நான் பார்த்தேன், வெட்கம் கெட்ட மனம் அதைக் குறித்துக்கொண்டது, என் பக்கம் ஒன்று. பிறகு சக்கர நாற்காலி, பிறகு திரை, குளிர்ந்த பசை, நெஞ்சில் ரப்பர் குமிழ்கள், மணிக்கட்டில் கவ்விகள், பேசாதீங்க சார், அசையாதீங்க, மேற்கூரையில் ஈரம் ஊறிய ஒரு கறை, கறைக்கு வடிவம் தேடக்கூடாது, தேடினால் பயம் வரும், வந்துவிட்டது. வெடித்து அடைத்துக்கொள்ளும் என்றாளே. எப்போது. இந்த ஈ.சி.ஜி. காகிதம் ஓடிக்கொண்டிருக்கும்போதா. எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்துவிடட்டும். இல்லை, கொஞ்சமாவது இருக்கட்டும், ஒன்றும் இல்லை என்று வந்தால் நான் அந்தக் காலுக்குப் போட்டியாகக் கூவினேன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்படியும் ஒரு பிரார்த்தனை.

டாக்டர் ஹாஜிரா காகிதத்தை நீளமாகப் பிடித்துப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை. "சார், இது பல்வலி இல்ல. இதயத்துக்கு ரத்தம் குறைவாப் போகுது. இன்னிக்கு எடுத்ததுலயும் சி.ஆர்.பி. இறங்கல. பல்லையும் பாக்கணும், மாத்திரை போடறப்ப ஈறுல சீழ் பாத்தேன், அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், ஆனா முதல்ல இது. இப்பவே இதய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன், ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன். நல்ல நேரத்துல சொன்னீங்க." நல்ல நேரத்தில் சொன்னேனாம். என்ன நேரம் அது என்று அவளுக்குத் தெரியாது. நாக்கில் ஆஸ்பிரின் கசக்கிறது. திரையை விலக்கிக்கொண்டு சென்னியப்பன் தலையை நீட்டுகிறார். "ஏனுங் சம்பந்தி, இப்படி முந்திப்போட்டீங்களே. வரிசையில நானில்லீங்களா முன்னால நிக்கறேன்?" எப்போதும்போலக் கேலிதான், கேலியின் கடைசியில் குரல் உடைந்துவிட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறார். மேகலா என் தலைமாட்டில் நிற்கிறாள். இத்தனை மாதம் தூரத்தில் இருந்து பார்த்த கவலையை இப்போது பக்கத்தில் பார்க்கிறேன். தூரத்தில் அது நன்றாக இருந்தது. பக்கத்தில் அதற்கு நிறமே இல்லை, உதடு காய்ந்து தோல் உரிந்திருக்கிறது, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, முன்நெற்றியில் நரை, இது எப்போது வந்தது. இதையா இவள் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள், இதற்கா நான். "ஏம்பா சொல்லல?" என்கிறாள். டாக்டர் கேட்டப்பவே ஏன் சொல்லல, போன்ல தினமும் பேசறனே ஏன் சொல்லல, என்னப்பா மனுசன் நீங்க. திட்டுகிறாள். இதற்கு ஒரு நல்ல பதில் இருக்க வேண்டும், எத்தனை புத்தகம், எத்தனை முன்னுரை. "நீ கேக்கலியே" என்கிறது வாய். என்ன சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் என் காதில் விழுகிறது. அவள் முகம் அடிவாங்கியதுபோல ஒரு கணம் பின்னால் போயிற்று, பிறகு என் கையைப் பிடித்தாள், கவ்வியோடு சேர்த்து, வலிக்கும்படி. வெளியே பெனிட்டாவின் குரல், "சென்னியப்பன் ஐயா, இரண்டாவது ரத்தம், டைம் ஆச்சு, வாங்க." எப்போதும் மேகலா கூடப் போவாள், ஊசியைப் பார்த்தால் அவருக்கு மயக்கம் வரும், தலையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வாள். "மாமா, நீங்க போய்க் குடுத்துட்டு வாங்க" என்கிறாள் அவரைப் பார்க்காமல். "நானு பாத்துக்கறேன் அம்மணி, நீ இங்கயே இரு." திரையைப் பிடித்தபடி ஒருகணம் நின்றார். உணர்ச்சியில்லாத காலை எங்கே வைக்கிறோம் என்று குனிந்து பார்த்துவிட்டு, போகிற போக்கில் நிமிர்ந்து, என் கையைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். இந்த ஊரில் என்னைவிட நன்றாக அதை அறிந்தவன் இருக்க முடியாது. நீ அவர்கூடப் போம்மா என்று சொன்னேன், உண்மையாகவே சொன்னேன். கையை மட்டும் விடவில்லை.